நேர்முகத் தேர்வு

கல்வி முடிந்து பணி தேடும் பருவம் இன்னும் சில ஆண்டுகளில் உங்களை வந்தடையும். அப்பொழுது உங்களுள் பெரும்பாலோர் ஒருநாள், கையில் சான்றிதழ்க் கட்டுடன், மூடிய கதவொன்றின் முன்னே வரிசையாக அமர்ந்திருப்பீர்கள். உள்ளே மூவரோ ஐவரோ இருப்பர். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பர். உள்ளே சென்றவர் கால் மணி நேரம் கழித்து வெளியே வருவார்; காத்திருப்போர் அவர் முகத்தைக் கூர்ந்து நோக்குவர். அக்கால் மணி நேரத்தில் நிகழ்வதனையே நேர்முகத் தேர்வு என்றும் நேர்காணல் என்றும் வழங்குகிறோம். எழுத்துத் தேர்வுக்கு உங்களை ஆயத்தம் செய்யப் பள்ளி பன்னிரண்டு ஆண்டுகள் உழைக்கின்றது. நேர்முகத் தேர்வுக்கோ ஒரு பாடவேளைகூட ஒதுக்கப்பெறுதல் அரிது. அவ்வொரு பாடவேளையாக இக்கட்டுரையைக் கொள்க.

யான் முதன்முதலில் அத்தகைய கதவின்முன் அமர்ந்தது 1984-ஆம் ஆண்டில். அப்பொழுது எனக்கு அகவை இருபத்து மூன்று. புலவர் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். தமிழாசிரியர் ஒருவர் வேண்டுமென ஒரு பள்ளியினர் நாளிதழில் விளம்பரம் செய்திருந்தனர். விண்ணப்பித்தேன், அழைப்பும் வந்தது. புறப்படும்பொழுது என் தந்தையார் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையிற் கட்டி அனுப்பினார். பேருந்தில் இருந்த இரண்டு மணி நேரமும் நன்னூற் சூத்திரங்களை மனத்துள் ஓதிக்கொண்டே சென்றேன். எதனைக் கேட்டாலும் தயங்காது விடை கூறிவிடலாம் என்னும் செருக்கு உள்ளத்தில் நிறைந்திருந்தது.

உள்ளே பள்ளித் தாளாளரும், தலைமையாசிரியரும், முதிய தமிழ்ப் புலவர் ஒருவரும் அமர்ந்திருந்தனர். தலைமையாசிரியர் என்னை நோக்கி, “ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு வேற்றுமையை எங்ஙனம் கற்பிப்பீர்?” என்று வினவினார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வேற்றுமை எட்டு என்பதில் தொடங்கினேன், உருபுகளைக் கூறினேன், சூத்திரங்களை ஒப்புவித்தேன், தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையையும் இடையே இழுத்து வந்தேன். அவர் பொறுமையுடன் கேட்டிருந்து, “நல்லது. இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு பையனுக்கு விளங்கவில்லை. அப்பொழுது என் செய்வீர்?” என்றார். “மீண்டும் ஒருமுறை சொல்வேன், ஐயா” என்றேன். மூவரும் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டனர். முதிய புலவர் மட்டும் மெல்ல முறுவலித்தார். அம்முறுவலைப் பாராட்டென்றே யான் கருதிவிட்டேன்.

மாலையில் முடிவை அறிவித்தனர். எனக்குப் பின் உள்ளே சென்ற ஒருவர்க்கு அப்பணி கிடைத்தது. பேருந்து நிலையத்தில் அவரையே கண்டேன். என்னினும் நான்கைந்து ஆண்டு மூத்தவர். மனக்குறையை அடக்கிக்கொண்டு, “அண்ணா, தங்களிடமும் வேற்றுமையைத்தான் கேட்டார்களா?” என்றேன். “ஆம், தம்பி” என்றவர், தாம் கூறிய விடையைச் சொன்னார். “சாளரத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. பிள்ளைகளை அம்மரத்தடிக்கு அழைத்துச் செல்வேன் என்றேன். மரத்தைப் பாருங்கள். மரத்தால் என்னென்ன செய்யலாம்? மரத்துக்கு நீர் ஊற்றுபவர் யார்? மரத்தினின்று விழுவது எது? மரத்தினது கிளை எது? மரத்தின்கண் அமர்ந்திருக்கும் பறவை யாது? இவ்வாறு கேட்டு அவர்களையே பேசவிடுவேன். பேசி முடித்தபின், மரம் என்னும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தவை எவை என்று கேட்டால், உருபுகளை அவர்களே கண்டெடுப்பார்கள் என்றேன். ‘மரமே, நிழல் தா’ என்று ஒரு பையனைக் கூவச் சொன்னால் விளியும் முடிந்துவிடும் என்றேன். அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார்” என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இவ்விடையே என் நெஞ்சில் சுழன்றது. எனக்கு இலக்கணம் தெரியும் என்பதற்குத்தான் என் பட்டச் சான்றிதழ் அவர்கள் மேசைமேல் கிடந்ததே! தெரிந்த ஒன்றை மறுபடியும் அறிந்துகொள்ளவா என்னை அத்துணைத் தொலைவிலிருந்து அழைப்பித்தனர்? வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளிடையே யான் என்ன செய்வேன் என்பதே அவர்கள் அறிய விரும்பியது. அதனை யான் உணரவில்லை. பேருந்து நிலையத்தில் கண்டவர் உணர்ந்திருந்தார். நேர்முகத் தேர்வில் கேட்கப்பெறும் வினாக்கள் எவையாயினும், அவற்றின் உட்கிடை பெரும்பாலும் இஃதொன்றே: இப்பணியை உம்மிடம் ஒப்படைத்தால் எங்ஙனம் செய்வீர்?

பணிக்கு ஆள் தேர்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனுடைய கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையினை அவை விரித்துரைக்கின்றன. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராயிருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். பிற்பட்ட கல்வெட்டின்படி அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். முன்பு பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பெற்றனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். அவ்வூர் பிராமணர்க்கு அளிக்கப்பெற்ற ஊராகலின் வேதப் பயிற்சியும் வேண்டப்பட்டது. ஆகவே அது எல்லார்க்கும் திறந்த வாயில் அன்று என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும், கணக்குக் காட்டாதவனுக்குப் பணியில்லை என ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டிவைத்தமை போற்றத்தக்கதே.

இந்நாளில் குடத்தின் இடத்தை எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் பெற்றுள்ளன. அரசுப் பணிகளில் குடிமக்கள் அனைவர்க்கும் சம வாய்ப்பு உண்டு என்பதை நம் அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்பு உறுதி செய்கின்றது. ஆயினும் முகத்தைப் பார்த்து மதிப்பெண் இடும் முறையில் ஒருதலைச் சார்பு புகுதல் எளிது. 1980-ஆம் ஆண்டில் காசுமீரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கை குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தேர்வோ ஒருவர்க்கு இரண்டு மூன்று நிமிடங்களே நடந்தது என்பது மாணவர்களின் முறையீடு. நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இதற்கு ஒதுக்குதல் முறையன்று என்று நீதிமன்றம் உரைத்தது. ஆட்சிப் பணி முதலியவற்றுக்கு மத்தியத் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண்ணும் உள்ளன. கணக்கிட்டுப் பாருங்கள், பின்னது நூற்றுக்குப் பதினான்கினும் குறைவே. மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வை 2016-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நீக்கியும் விட்டது. எனினும் உயர் பணிகளுக்கும், தனியார் தொழிற்சாலைகள், வங்கிகள், மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள் ஆகியவற்றின் பணிகளுக்கும் இக்கதவைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது.

இனி, நேர்முகத் தேர்வை எதிர்கொள்ளும் வகையைக் காண்போம். எதிர்கொள்ளுதல் என்னும் சொல்லுக்கு, வருகின்ற விருந்தினரை முன்சென்று வரவேற்றல் என்பதே பழைய வழக்கில் பொருள். பகைவனைத் தாக்குவது போன்ற பொருளை இக்காலத்தார் அதன்மேல் ஏற்றிவிட்டனர். பழைய பொருளே இவ்விடத்துக்குப் பொருந்தும்.

முதற்கண், செய்ய விரும்பும் பணி யாது என்பதை நேரிற் கண்டறிதல் வேண்டும். ஊரிலுள்ள வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர் பணிக்கு ஒருவர் விண்ணப்பிக்கின்றார் என்று கொள்வோம். அவர் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் இயற்றப்பெற்றது என்பதை நூலிற் படித்திருப்பார். அது நன்று. ஆனால் ஒருநாள் முற்பகலில் அச்சங்கத்தின் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாரா? உழவர் எவ்வெவ் வேலையாக வருகின்றனர், பயிர்க்கடனுக்கு எவ்வெத் தாள்களைக் கொணர்கின்றனர், நகைக்கடனுக்கு நகையை நிறுப்பவர் யார், உரம் வாங்க வந்த முதியவர் எதனால் முகம் வாடித் திரும்புகின்றார் என்பவற்றை அவர் கண்டிருப்பின், நூறு பக்கம் படித்தும் பெறாத தெளிவைப் பெற்றிருப்பார். “இப்பணியை ஏன் விரும்புகிறீர்?” என்னும் வினா எல்லா நேர்முகத் தேர்வுகளிலும் எழுவது. “தொண்டு செய்ய விரும்புகிறேன்” என்று பொதுப்படக் கூறுவோர் பலர். திண்ணையில் அமர்ந்து கண்டவர் கூறும் விடையைக் கேட்டால் குழுவினர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பர்.

அடுத்து, தாம் எழுதிய விண்ணப்பத்தைத் தாமே மறந்திருத்தல் கூடாது. சிரிக்காதீர்கள், இது மிகப் பரவலான குறை. பின்னாளில் ஒரு நிறுவனத்துக்கு இளநிலை எழுத்தரைத் தேரும் குழுவில் யானும் ஒருவனாக அமர நேர்ந்தது. விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்றொரு கட்டம் இருந்தது. வந்தவர் பெரும்பாலோர் அதில் ‘நூல் படித்தல்’ என்றே எழுதியிருந்தனர். “அண்மையில் படித்த நூல் யாது?” என்று முதல்வரை வினவினேன்; அவர் மேற்கூரையை நோக்கினார். மற்றொருவர் “திருக்குறள்” என்றார். “அதில் தமக்கு உவந்த அதிகாரம்?” என்றேன், அவரும் மேற்கூரையையே நோக்கினார். அன்று பிற்பகலுக்குள் அக்கூரையில் என்னதான் எழுதியிருக்கின்றது என்று யானும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

ஓர் இளைஞர் மட்டும் அக்கட்டத்தை வெறுமனே விட்டிருந்தார். “மாலை வேளைகளில் என்ன செய்வீர், தம்பி?” என்றேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “வீட்டில் இரண்டு பசுக்கள் உள்ளன, ஐயா. அவற்றைக் கவனிப்பேன்” என்றார். அதனைக் கூற அவர் நாணியது தெளிவாகத் தெரிந்தது. “பாலை என்ன செய்வீர்கள்?” என்றேன். அவர் தலை நிமிர்ந்தது. கூட்டுறவுப் பால் சங்கத்தில் ஊற்றுவதாகவும், பாலின் கொழுப்பும் பிற திடப்பொருள்களும் அளக்கப்பெற்று அதற்கேற்ப விலை தரப்படுவதாகவும், காலையும் மாலையும் ஊற்றிய அளவையும், வந்த பணத்தையும், தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் ஆன செலவையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவருவதாகவும் கூறினார். ஒரு மாதம் வந்த பணம் சிறிது குறைந்திருந்ததாம். தம் குறிப்பேட்டைச் சங்கச் சீட்டுகளுடன் ஒப்பிட்டு, ஒருநாள் மாலை ஊற்றிய பால் பதிவாகாமை கண்டு, செயலாளரிடம் சென்று காட்டினாராம். “சண்டையிட்டீரா?” என்றார் எங்களுள் ஒருவர். “இல்லை, ஐயா. அன்று கூட்டம் மிகுதி. அவர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டினேன், திருத்திக் கொடுத்துவிட்டார்” என்றார்.

எழுத்தர் பணி என்பது வேறு யாது? நாள்தோறும் தவறாது பதிதல், இரண்டு கணக்குகளை ஒப்பிடல், வேறுபாடு கண்டவிடத்துப் பிறர் மனம் புண்படாது எடுத்துரைத்தல்: இம்மூன்றும் அவ்விளைஞரிடம் இருந்தன. ஐவரும் ஒருமனமாக அவரையே தேர்ந்தோம். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. யான் அவ்வினாவைக் கேட்டிராவிடின், அக்கட்டம் வெறுமையாகவே இருந்திருக்கும். அவரும் வெறுமனே திரும்பியிருப்பார். வீட்டு வேலையையும், தந்தையார் கடையில் அமர்ந்து பொருள் நிறுத்துக் கொடுத்ததையும், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததையும் கூறத் தக்கவை அல்ல என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். யார் கற்பித்தது இவ்வெண்ணத்தை?

இக்காலத்துத் தேர்வுக் குழுவினர் பலர், “நீங்கள் ஓர் இடர்ப்பாட்டைத் தீர்த்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுங்கள்” என்பது போன்ற வினாக்களைக் கேட்கின்றனர். முன்பு ஒருவர் நடந்துகொண்ட வகையே பின்பு அவர் நடந்துகொள்ளும் வகைக்கு அறிகுறி என்பது அவர்கள் கருத்து. இதற்கு விடை கூறுவோர், அப்பொழுது இருந்த நிலைமை யாது, அதில் தம் பொறுப்பு எவ்வளவு, தாம் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்னும் நான்கினையும் இவ்வரிசையிற் சொல்லின் கேட்போர்க்கு விளங்கும். பாற்கணக்கு இளைஞர் இலக்கணம் ஏதும் அறியாமலே இந்நான்கினையும் சொல்லியிருந்தார் என்பதை நோக்குங்கள். உங்கள் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சிகள் மூன்று நான்கு இருக்கும். பள்ளி விளையாட்டு விழாவில் பொறுப்பேற்றது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் குளத்தைத் தூர் வாரியது, உடன் பயிலும் ஒருவரோடு ஏற்பட்ட பிணக்கைத் தீர்த்துக்கொண்டது ஆகிய எதுவாயினும் ஆகுக. அவற்றை இப்பொழுதே ஒரு தாளிற் குறித்து வைத்தல் நலம். நடவாததை நடந்ததாகக் கூறுதல் மட்டும் வேண்டா. அனுபவம் மிக்க குழுவினர் மேலும் இரண்டு வினாக்கள் தொடுத்தால் பொய் தானே கலைந்துவிடும்.

குறித்து வைத்ததை வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் வேண்டும். மனத்துள் சீராக ஓடும் கருத்து, நாவிற்கு வந்ததும் தடுமாறுதல் இயல்பு. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை எதிரே அமர்த்தி வினாக்களைக் கேட்கச் செய்யலாம்; பாட்டியார் கிடைத்தால் மிகவும் நன்று, அவர் விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லிவிடுவார். ஆனால் சொற்களை மனப்பாடம் செய்தலாகாது. செய்யுளை ஒப்புவிப்பது போல விடையை ஒப்புவிப்பவர், இடையே ஒரு சொல் மறந்தால் அப்படியே நின்றுவிடுவார். கருத்து நெஞ்சில் இருக்கட்டும். சொல் அவ்வப்பொழுது பிறக்கட்டும். திருவள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமும், அவை அஞ்சாமை என்று அடுத்தோர் அதிகாரமும் வகுத்தார். கேட்போர் எத்தகையர் என்பதை அறிந்துகொண்ட பின்னரே அச்சம் நீங்கும் என்பதால்தான் அவ்வரிசையில் வைத்தார் போலும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தேர்வு நாளன்று செய்ய வேண்டுவனவற்றைச் சுருங்கச் சொல்லலாம். மூலச் சான்றிதழ்களையும் அவற்றின் படிகளையும் அழைப்புக் கடிதத்திற் கண்ட வரிசைப்படி முன்னிரவிலேயே அடுக்கிவிடுக. குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகச் சென்று சேர்க. உடை தூயதாயும் தைத்த இடம் பிரியாததாயும் இருந்தால் போதும். விலை உயர்ந்ததாக வேண்டா. உள்ளே சென்றதும் வணக்கம் கூறி, அமருமாறு சொன்ன பின் அமர்க. வினாவியவர் முகம் நோக்கி விடை கூறுக.

“உங்களிடமுள்ள குறை யாது?” என்றும் சிலர் கேட்பர். குறையே இல்லை என்பவரை எவரும் நம்பார். “மிகுதியாக உழைப்பதே என் குறை” என்று புத்தகத்திற் படித்ததைக் கூறுவோரும் உளர். அதனைக் கேட்டுக் கேட்டுக் குழுவினர்க்குச் செவி புளித்துவிட்டது. உண்மையான சிறு குறை ஒன்றையும், அதனைத் திருத்திக்கொள்ளச் செய்துவரும் முயற்சியையும் கூறினால் அமையும்.

விடை தெரியாத வினா வருமாயின் கலங்க வேண்டா. யான் மேற்சொன்ன குழுவிலேயே ஒருவர், “அலுவலகப் பதிவேடு ஒன்றை எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும்?” என்று சிலரிடம் வினவினார். ஒருவர் மூன்று என்றார். குழுவினர் முகத்தைப் பார்த்துவிட்டு ஐந்து என்றார். பின்பு பத்து என்றார். ஓர் இளம்பெண், “தெரியாது, ஐயா. மேலதிகாரியைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன், தெரிந்துகொள்ளும் வரையில் அதனை அழிக்கமாட்டேன்” என்றார். அப்பெண்ணுக்கு அன்று இடம் கிடைக்கவில்லை; இருந்த இடம் ஒன்றே. ஆனால் எங்கள் வரிசையில் அவர் இரண்டாவதாக நின்றதற்கு அவ்விடையே காரணம்.

தமிழ்வழியிற் படித்தோர் பலர் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகின்றனர். பணிக்கு ஆங்கிலம் வேண்டுமெனின் அதனைக் கற்கத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் வேண்டாத இடத்திலும் அஞ்சுகிறார்களே, அதுதான் வருத்தத்துக்கு உரியது. மத்தியத் தேர்வாணையத்தின் ஆட்சிப்பணி நேர்முகத் தேர்விலேயே, அதன் விதிகளுக்கு உட்பட்டுத் தமிழில் விடை கூற இடமுண்டு. ஆங்கிலத்தில் வினவினால், சிறு சிறு வாக்கியங்களாக நிதானமாகக் கூறுக. ஒன்று விளங்கவில்லையெனின் மீண்டும் கூறுமாறு பணிவுடன் கேட்டலில் இழுக்கில்லை.

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவிய பின், கணினித் திரையிலும் கைப்பேசியிலும் நேர்காணல் நடத்தும் வழக்கம் பெருகியது. விளக்கின் ஒளி முதுகில் விழாமல் முகத்தில் விழுமாறு அமர்தல், ஒலியை முன்னரே சோதித்துக்கொள்ளல், திரையிலுள்ள தம் முகத்தையே பார்த்துக்கொண்டிராமல் படக்கருவியின் கண்ணை நோக்கிப் பேசுதல், வீட்டிலுள்ளோரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் ஆகியவையே இதற்கு வேண்டும் தனிப்பயிற்சி.

தேர்வோர் பிழை செய்வதும் உண்டு. அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்டு தார்ண்டைக் 1920-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். படைத்தலைவர் சிலர் தம் வீரர்க்கு மதிப்பீடு வழங்கியதை அவர் ஆய்ந்தபொழுது, ஒருவனுடைய தோற்றம் நன்றென மதித்தவர், அவனுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் தலைமைத் திறத்தையும் உடன்சேர்த்தே உயர்வாக மதித்திருந்தமை புலனாயிற்று. ஒன்றன் ஒளி மற்றவற்றின்மேலும் பரவிக் கண்ணை மயக்கிவிடுகின்றது. இம்மயக்கத்தைக் குறைக்கவே, எல்லார்க்கும் ஒரே வினாக்களை ஒரே வரிசையிற் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியே மதிப்பெண் இடும் முறையை அறிஞர் வகுத்தனர். மனம் போன போக்கில் கேட்பதினும் அதுவே நம்பத்தக்கது என்பது பல ஆய்வுகளால் தெளிந்த முடிவு. ஆயினும் எல்லா இடத்தும் அம்முறை இல்லை. ஆதலால் ஓரிடத்தில் தேர்வு பெறாமை ஒருவருடைய தகுதியை முற்றும் அளந்துவிட்டதாகாது. தவறு குழுவினுடையதா, தம்முடையதா என்று நடுநிலையில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெளியே வந்தவுடன் கேட்ட வினாக்களையும் தாம் கூறிய விடைகளையும் எழுதிவைத்துக்கொள்வோர்க்கு இவ்வாராய்ச்சி எளிது. என் வரையில், 1984-இல் குழுவினர் செய்த முடிவில் எள்ளளவும் பிழையில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு பள்ளியில் எனக்குப் பணி கிடைத்தது. அங்கேயும் ஒரு குழு. அங்கேயும் வகுப்பில் எங்ஙனம் கற்பிப்பேன் என்பது பற்றி ஒரு வினா. அம்முறை யான் சூத்திரம் எதனையும் ஓதவில்லை. அப்பள்ளி முற்றத்தில் வேம்பு இல்லை. பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேற்றுமையை அம்மரத்தடியிலேயே நடத்தினேன். “மரமே, நிழல் தா” என்று அவர்கள் கூவும்பொழுது தலைமையாசிரியர் அறைவரையில் கேட்கும். அம்முறையைப் பேருந்து நிலையத்தில் எனக்குச் சொன்னவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ள அன்று எனக்குத் தோன்றவில்லை.